பத்து எண்ணிவிட்டுப் போன நீலத்திரை

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரை ஒவ்வொரு நாள் காலையிலும் போடுகிறவள் நான்தான். போடுவதைத் தவிர அதில் எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆங்கில எழுத்தைக் கண்டால் அது ஆங்கிலம் என்று தெரியும், அவ்வளவுதான். இலக்கங்களை வாசிப்பேன்.

வீடு கொக்குவிலில், ரயில் பாதைக்குக் கிட்ட. ரயில் போகும்போது மேசை கொஞ்சம் அதிரும். நானும் மகளும் இருக்கிறோம். மருமகன் கட்டாரில் வேலை. மகள் வீட்டிலிருந்தே வீடியோ வெட்டி ஒட்டுகிறாள். கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் தேர், செத்தவீடு என்று ஆட்கள் எடுத்த படங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் அதை அளவாக்கிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பாள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் பார்க்கத்தான் அதில் பாதி போகும்.

நான் அதைப் போடுகிறவளானது தற்செயலாக நடந்தது. பெட்டி வந்த அன்று மகள் மேசைக்குக் கீழே குனிந்து வயர்களைக் கொழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முன்பக்கத்திலை ஒரு வட்டம் இருக்கெல்லே, அதை ஒருக்கா அமத்துங்கோ" என்றாள்.

அமத்தினேன். அன்று பின்னேரமே முதல் வேலை வந்தது. அதன் பிறகு "அம்மாவின்ரை கைராசி" என்று சொல்லிக் காலையில் அவள் அந்த வட்டத்தைத் தொடுவதில்லை. எனக்கு அது கூச்சமாக இருந்தது. இவளுடைய தகப்பன் போன பிறகு நல்ல காரியங்களில் நான் முன்னுக்குப் போய் நிற்பதில்லை. ஒருவரும் நில்லாதே என்று சொன்னதில்லை. பின்னுக்கு நின்று பழகிவிட்டது. அப்படிப்பட்டவளின் கையை ராசி என்று சொல்ல என் மகள் ஒருத்திதான் இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஆகவே காலையில் சாமி விளக்கை ஏற்றித் திருநீறு பூசிக்கொண்டு, கொம்பியூட்டரின் பிளக்கைக் கொழுவி, திரையின் சுவிச்சைப் போட்டு, வட்டத்தை அமத்திவிட்டுக் குசினிக்குப் போவேன். தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் அது எழும்பிவிடும். மகள் தேத்தண்ணியோடு வந்து அதன் முன்னால் இருப்பாள்.

"அமத்திப்போட்டு வாங்கோ. வேறை ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ" என்பது அவள் சொன்ன சட்டம். அதற்குக் காரணம் இருந்தது. ஒருமுறை எழுத்துக்கட்டைகளில் தூசி கிடக்கிறதென்று ஈரத்துணியால் துடைத்தேன். திரையில் என்னென்னவோ பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் திறந்து, அவள் ஒரு பகல் முழுதும் செய்த வேலை காணாமல் போனது.

அந்தக் கொம்பியூட்டரை உள்ளிருந்து ஓட்டுவது லினக்ஸ். முதலில் கடையில் யாரோ, காசு கொடுத்து வாங்கவேண்டிய வேறொன்றின் களவுப் பிரதியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் வைரஸ் வந்து ஒரு கலியாணத்தின் தாலி கட்டுகிற பகுதியை மட்டும் தின்றுவிட்டது. மாப்பிள்ளை வருகிறார், பொம்பிளை வருகிறா, பிறகு இருவரும் மாலையோடு சாப்பிடுகிறார்கள். அந்த வீட்டாருக்கு மறுமொழி சொல்லி முடிப்பதற்குள் மகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ரீச்சர் வந்து லினக்ஸைப் போட்டார். அது ஒருவருடைய சொத்தும் இல்லை, விரும்பினவர்கள் சேர்ந்து எழுதி விட்டிருக்கிறார்கள், களவாக எடுக்கத் தேவையில்லை என்றார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்தது.

ரீச்சர் என்பவர் முந்தி மகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பித்தவர். கரவெட்டியில் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் வந்து இறங்கினால் தலைக்கவசத்தைக் கழற்ற முதலே கதைக்கத் தொடங்கிவிடுவார். அன்று பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி உள்ளே செருகியிருந்த ஒரு பெரிய பலகையைக் காட்டினார். அதற்கு இரண்டு விசிறிகள் இருந்தன.

"இதுதான் கிராபிக்ஸ் காட். படத்தின்ரை பாரமெல்லாம் தூக்கிறது இவர்தான்" என்றார். "அம்மா, கலியாண வீட்டிலை சமையல்காரன் வாறானெல்லே? அவன் வந்தால் வீட்டுக்காரி சும்மா இருக்கலாம். அவன் வரேல்லையெண்டால் வீட்டுக்காரியே நின்று முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கவேணும். வடிப்பா. ஆனால் பந்தி எப்ப முடியும்?"

நான் குசினிக் கதவோடு நின்று சிரித்தேன்.

"ட்ரைவர் எண்டுறது அந்தச் சமையல்காரனைக் கூட்டிக்கொண்டு வாற ஆள். காட் செய்தவை தங்கடை ட்ரைவரை மூடிக் கட்டித்தான் தருவினம். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு ஒருத்தரும் பார்க்கேலாது. லினக்ஸ்காரர் பாவங்கள், தாங்களாய் ஒண்டு எழுதி வைச்சிருக்கினம். அது படம் காட்டும். பாரம் தூக்கச் சொன்னால் முதுகு நோகுதெண்டும்."

அன்று மூடிக் கட்டின ட்ரைவரையே போட்டுவிட்டுப் போனார். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

சென்ற ஐப்பசியில் உடுவிலில் இருந்து ஒரு வேலை வந்தது. எழுபது தாண்டிய ஒரு தோட்டக்காரர் இறந்திருந்தார். பிள்ளைகள் நால்வரில் மூன்று பேர் வெளிநாடு. செத்தவீட்டுக்கு அவர்களில் ஒருவராலும் வர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்று காலையில் கடற்கரையில் கிரியை முடித்து, வீட்டில் கிருத்தியம் செய்து, சாப்பாடு கொடுத்த பிறகு, அவருடைய படத்தை ஒரு பெரிய சீலையில் விழுத்திக் காட்டுவதென்றும், அதே நேரம் வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகளும் பார்ப்பதென்றும் முடிவாகியிருந்தது.

உடுவிலில் இருக்கிற மகள்தான் பழைய கசெட்டில் இருந்து எடுத்ததும் போனில் எடுத்ததுமாக எல்லாவற்றையும் கொண்டுவந்து தந்தார். செத்தவீட்டுத் தீட்டுக் கழியாத துடக்கு வீட்டுக்காரர் என்பதால் வீட்டுக்குள் ஏறவில்லை. முற்றத்தில் நின்றபடி பென்ட்ரைவை நீட்டினார்.

"அக்கா, கலியாண வீடியோவெண்டால் ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை. இது அண்டைக்குத்தான் வேணும்" என்றார் என் மகளிடம். "அடுத்த நாள் ஆரும் பார்க்க வரமாட்டினம். பந்தலைக் கழட்டியிடுவினம்."

"அண்டைக்குக் காலமை உங்கடை கையிலை இருக்கும்" என்றாள் மகள்.

அந்தியேட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் மூன்று கிழமையாக அந்தப் படத்தோடு இருந்தாள். முந்திய திங்கட்கிழமை வெட்டி ஒட்டுகிற வேலை எல்லாம் முடிந்துவிட்டது. இனி எல்லாத் துண்டுகளையும் ஒரே படமாக்கி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதுதான் காட் செய்கிற வேலை. அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று சொன்னாள்.

திங்கட்கிழமை பின்னேரம் கொம்பியூட்டர் தன்னைப் புதுப்பிக்கவேணும் என்று கேட்டது. மகள் சரி என்று விட்டாள். அது இடையில் ஒரு கடவுச்சொல்லைக் கேட்டது. அவள் எதற்கென்று முழுதாக வாசிக்காமல் ஒரு சொல்லைக் கொடுத்தாள். வேலை முடியவும் மேற்கே மின்னத் தொடங்கியது. மின்னினால் எங்கள் வீட்டில் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிடுவோம். கொம்பியூட்டரை நிப்பாட்டிப் பிளக்கையும் கழற்றி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல விளக்கை ஏற்றிவிட்டு வந்து வட்டத்தை அமத்தினேன். எங்கள் திரைக்கு விழிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அது விழித்தபோது முழுக்க நீலமாக இருந்தது. நடுவில் வெள்ளையாக இரண்டு மூன்று வரி ஆங்கிலம். அதில் ஒரு இலக்கம் மாத்திரம் மாறிக்கொண்டிருந்தது. எட்டு. ஏழு. ஆறு.

நான் இரண்டடி பின்னுக்கு வந்தேன். அது என்னிடம் ஏதோ கேட்கிறது என்பது விளங்கியது. இலக்கம் இறங்கிக்கொண்டு போகிறபடியால் முடிகிறதுக்குள் ஏதோ செய்யவேணும் என்பதும் விளங்கியது. மகள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். "ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ" என்று சொன்னதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. கையைச் சீலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று, இரண்டு, ஒன்று. நீலம் மறைந்தது. கொம்பியூட்டர் தன் பாட்டில் எழும்பியது.

எழும்பின பிறகு பார்த்தால் திரையில் இருக்கிற பிள்ளையார் அகலத்துக்கு இழுபட்டுப் போயிருந்தார். எழுத்தெல்லாம் பெருத்திருந்தது. நான் குசினிக்குள் போய்விட்டேன்.

மகள் தேத்தண்ணியோடு வந்து இருந்தாள். பிறகு, "என்னணை இது, பிள்ளையார் ஊதிப்போனார்?" என்றாள்.

"தெரியேல்லை பிள்ளை" என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

அவள் உடுவில்காரரின் படத்தை ஓடவிட்டாள். அது நின்று நின்று ஓடியது. இறந்தவர் கிணற்றடியில் நின்று கதைக்கிறார். குரல் முன்னுக்கு வருகிறது, வாய் பிறகு அசைகிறது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரே படமாக எடுக்கிற வேலையைத் தொடங்கினால், முடிய இன்னும் பதினேழு மணித்தியாலம் இருக்கிறதென்று திரை சொன்னது. ஒரு மணித்தியாலத்தில் பெட்டி சுட்டுத் தானாக நின்றது.

பின்னேரம் ரீச்சருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ரீச்சர் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவள் கறுப்புத் திரையில் அடித்தாள்.

"சமையல்காரன் வரேல்லை பிள்ளை. வீட்டுக்காரி தனிய நின்று வடிக்கிறா. சுட்டது அதுதான்" என்றார் ரீச்சர். "ட்ரைவரைக் கழட்டிப்போட்டுத் திரும்பப் போடுவம். கடவுச்சொல் கேட்டால் ஒண்டைக் குடும். மறந்துபோகாமல் எழுதி வையும்."

எல்லாம் முடிந்தபோது, "இனி நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கரண்ட் போனால் சில நிமிடம் தாங்குகிற ஒரு பட்டரி மேசைக்குக் கீழே இருந்தது; அதில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியை மகள் பக்குவமாக நிப்பாட்டினாள்.

"ரீச்சர், நாளைக்குக் காலமை அம்மா போடட்டும். அவவின்ரை கைராசியோடை வரட்டும்."

"நல்லது. விஞ்ஞானத்தை நான் பார்த்தன், மிச்சத்தை அம்மா பார்க்கட்டும்" என்று ரீச்சர் சிரித்தது குசினி வரை கேட்டது.

புதன்கிழமை காலையும் நீலம் வந்தது. அதே எழுத்து, அதே எட்டு. இந்த முறை நான் மகள் இருந்த பக்கம் திரும்பினேன். அவள் படலையில் பால்காரனோடு நின்றாள். "பிள்ளை" என்று வாய்க்குள் சொன்னேன். வெளியில் வரவில்லை. ஒன்றுக்கு வந்து மறைந்தது. பிள்ளையார் ஊதினபடியே வந்தார்.

மகள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்தாள். அது எனக்குக் கூடுதலாக நெஞ்சில் பட்டது. என் கையைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. ரீச்சருக்குப் போன் எடுத்தாள். நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"போட்டு எழும்பேக்கை நீலத் திரை ஒண்டு வந்திருக்கவேணுமே?" என்று ரீச்சர் கேட்டார்.

"நீலத் திரையோ? இல்லை ரீச்சர். அப்பிடி ஒண்டும் வரேல்லை."

"வடிவாய் யோசிச்சுச் சொல்லும். வெள்ளை எழுத்து, பத்திலை இருந்து எண்ணும். இந்த மூடிக் கட்டின ட்ரைவர் வெளி ஆளெல்லே. அதை உள்ளுக்கு விடுறதோ எண்டு பெட்டி கேட்கும். கேட்கேக்கை ஒரு ஆள் முன்னுக்கு நின்று ஓம் எண்டவேணும். படலையிலை வந்து நின்று வீட்டுக்காரர் எண்டு கூப்பிடுற மாதிரித்தான். ஒருத்தரும் வரேல்லையெண்டால் பத்து எண்ணிப்போட்டுப் போயிடும். பேந்து கூப்பிடாது."

"சத்தியமாய் வரேல்லை ரீச்சர். நான் முன்னாலைதானே இருக்கிறன்."

அவள் சொன்னது அவளளவில் சரி. அவள் வந்து இருக்கிறபோது எல்லாம் முடிந்திருக்கும்.

"அப்ப உள்ளுக்கு விடுற சாவிப் பிரச்சினை இல்லை" என்றார் ரீச்சர். குரல் மாறியிருந்தது. "காட்தான் பழுதாப் போயிட்டுது போலை. இரண்டு வருசம் பாரம் தூக்கினது. கழட்டித் துடைச்சுப் பாரும். இல்லையெண்டால் கொழும்பிலை இருந்து வேறை எடுப்பிக்கவேணும்."

முருங்கையிலைச் சுளகு மடியில் இருந்தது. ரீச்சர் தேடுகிற ஆள் நான்தான் என்று எனக்கு நன்றாக விளங்கியது. எழும்பிப் போய் "வந்தது" என்று ஒரு சொல் சொன்னால் போதும். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ரீச்சரும் கேட்பார். மகள் சத்தியம் பண்ணின வாயோடு இருக்கிறாள். இரண்டு தரம் வந்தது, இரண்டு தரமும் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எப்படிச் சொல்வது? அதோடு இன்னொன்றும் இருந்தது. போட்டது என் கை. அதை அவள் வாயால் கேட்கப் பயமாக இருந்தது. இலையைக் காம்பு வேறாக ஆய்ந்து முடித்தேன். அன்று வழக்கத்தை விடச் சுத்தமாக ஆய்ந்தேன்.

வியாழக்கிழமை மகள் காட்டைக் கழற்றி, பொன் நிறமான அதன் பல்லுகளை அழிறப்பரால் துடைத்து, திரும்பக் கொழுவினாள். ஒரு மாற்றமும் இல்லை. பெட்டியின் தகட்டைக் கழற்றி வைத்து மேசைவிசிறியை அதற்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள். நாலு மணித்தியாலம் ஓடியது. பிறகு கரண்ட் போனது. மற்ற எடிற்றிங் இடங்களிலும் விசாரித்தாள். இவள் வேலை செய்து வைத்திருக்கிற முறை அவர்களுடைய கொம்பியூட்டர்களில் திறக்காது, முதலில் இருந்து செய்யவேணும் என்றார்கள்.

அன்று பின்னேரம் உடுவில்காரரின் மகள் போன் எடுத்தார். பெரியண்ணை லண்டனில் வேலைக்கு லீவு போட்டுவிட்டாராம், அங்கே வீட்டில் இருபது பேரைக் கூப்பிட்டிருக்கிறாராம், படம் எத்தனை மணிக்கென்று கேட்கிறாராம்.

"மூண்டு மணிக்கெண்டு சொல்லுங்கோ" என்று மகள் சொன்னாள். போனை வைத்துவிட்டு மேசைவிசிறியைப் பெட்டிக்கு இன்னும் கிட்ட இழுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் வட்டத்தை அமத்தினபோதும், முதல் நாளைப் போலவே நீலம் வரவில்லை. ஊதின பிள்ளையார்தான் வந்தார். படலையில் நின்று கூப்பிட்ட ஆள் போய்விட்டான் என்று நினைத்தேன்.

மகள் குளித்துவிட்டு வந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அம்மா, நான் உடுவிலுக்குப் போன் பண்ணிச் சொல்லப்போறன்" என்றாள்.

"என்னெண்டு?"

"ஏலாதெண்டு. இப்பவே சொன்னால் அவை லண்டனுக்கு அறிவிக்கலாம். அண்டைக்கு ஆக்களை வைச்சுக்கொண்டு இல்லையெண்டு சொல்லுறதிலும் பார்க்க இது நல்லம்."

போனை எடுத்தாள். இலக்கத்தைத் தேடினாள்.

"நீலமாய் ஒண்டு வந்தது" என்றேன்.

"என்ன?"

"ரீச்சர் சொன்ன நீலம். செவ்வாய்க்கிழமை வந்தது. புதனும் வந்தது. பேந்து வரேல்லை."

அவள் போனை மேசையில் வைத்தாள். "வெள்ளை எழுத்தோ?"

"ஓம்."

"எண்ணினதோ?"

"எட்டிலை இருந்துதான் நான் கண்டனான். ஒண்டுக்கு வந்து போயிட்டுது."

"ஏனணை சொல்லேல்லை?"

"நீதானே கை வைக்கவேண்டாமெண்டனி."

"கை வைக்கவேண்டாமெண்டால் வாயைத் திறக்கவேண்டாமெண்டே?" என்றாள். கோபம்தான். ஆனால் அதற்குள் ரீச்சரின் இலக்கத்தை அமத்திவிட்டாள். ரீச்சர் "ஹலோ" என்று சொன்னதும், "ரீச்சர், வந்ததாம்! ரண்டு தரம் வந்ததாம்! அம்மா பார்த்துக்கொண்டு நிண்டவவாம்!" என்று கத்தினாள்.

ரீச்சர், "அம்மாவிட்டைக் குடும்" என்றார்.

போனை என் முன்னால் பிடித்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் இறக்கவில்லை.

"அம்மா" என்றார் ரீச்சர். "நான் மூண்டு நாளாய் இங்கை புத்தகம் புரட்டுறன். கொழும்புக்குப் போன் எடுக்கிறன். நீங்கள் மறுமொழியைக் குசினியிலை வைச்சு முருங்கையிலையோடை ஆய்ஞ்சுகொண்டு இருந்திருக்கிறியள்."

முருங்கையிலை அவருக்கு எப்படித் தெரிந்ததோ. ஆய்கிற சத்தம் போனில் கேட்டிருக்காது. மகள் சொல்லியிருப்பாள்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர்" என்றேன்.

"குறை என்ன? காட் உயிரோடை இருக்கு. அதைச் சொன்னதுக்கு உங்களுக்கு ஒரு சீலை வாங்கித் தரவேணும். பிள்ளை, திரும்ப முதலிலை இருந்து தொடங்கும். இந்தமுறை நிப்பாட்டிற கதை இல்லை. நான் சொன்ன உடனை றீஸ்ராட், கையோடை திரும்ப எழுப்பவேணும்."

திரும்ப ட்ரைவரைக் கழற்றிப் போட்டார்கள். கடவுச்சொல்லை மகள் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். நான் குசினிக்குப் போகத் திரும்பினேன்.

"நீங்கள் எங்கை போறியள்? இதிலை நில்லுங்கோ. எப்ப வருமெண்டு உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். திரை கறுத்தது. அது விழிக்க எடுக்கிற நேரம் எனக்குத் தெரியும். இத்தனை நாளும் திருநீற்றுக் கையைச் சீலையில் துடைக்கிற நேரம்தான் அது. மகள் குனிந்து கலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் வந்தது.

"வந்திட்டுது! அமத்து பிள்ளை, அமத்து!"

நான் அவ்வளவு சத்தமாகக் கத்திப் பல காலம். பக்கத்து வளவு நாய் குரைத்தது. மகள் ஒரு கட்டையை இல்லை, நாலைந்து கட்டைகளை ஒன்றாக அமத்தினாள். இலக்கம் ஆறில் நின்றது. நின்றேவிட்டது. ரீச்சர் போனில், "என்ன நடந்தது, ஆர் கத்தினது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு சிறிய பட்டியல் வந்தது. ரீச்சர் சொன்ன வரியை எடுத்து, ஓம் என்று கொடுத்து, கடவுச்சொல்லை அடித்தாள். அடிக்கிற எழுத்து ஒன்றும் திரையில் தெரியவில்லை. முதல் தரம் பிழை என்றது. மகள் கையை உதறிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாயால் சொல்லிச் சொல்லி அடித்தாள். ஏற்றுக்கொண்டது. பெட்டி ஒருமுறை நின்று திரும்ப எழும்பியது.

எழுத்துகள் சிறுத்திருந்தன. பிள்ளையார் தன் அளவுக்கு வந்திருந்தார். பெட்டிக்குள் அந்தக் காட்டின் விசிறிகள் இரண்டும் சுற்றுகிற சத்தம் கேட்டது. தகடு போடாமல் இருந்தபடியால் குனிந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

"சமையல்காரன் வந்திட்டானோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"வந்திட்டான் ரீச்சர்."

"அப்ப நான் போய்க் குளிக்கிறன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்." போனை வைத்துவிட்டார்.

ஒரே படமாக எடுக்கிற வேலை முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. மகள் அந்த முப்பத்தைந்து நிமிடமும் கதிரையை விட்டு எழும்பவில்லை. கரண்ட் இருந்தது. முடிந்ததும் இரண்டு பென்ட்ரைவில் போட்டு, ஒன்றைச் சாமி அறையில் வைத்தாள். என்னோடு அன்று பின்னேரம் வரை அவ்வளவாகக் கதைக்கவில்லை. பின்னேரம் தேத்தண்ணியை அவள் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். சீனி கூடிப்போயிருந்தது. நான் சொல்லவில்லை. பிறகு, "சீனி கூடிப்போச்சு" என்று சொன்னேன். அவள் வாங்கிக்கொண்டு போய் வேறு போட்டு வந்தாள்.

அடுத்த நாள் காலை விளக்கை ஏற்றிவிட்டு, கொம்பியூட்டர் இருந்த பக்கம் போகாமல் குசினிக்குள் நின்றேன்.

"என்ன, இண்டைக்குக் கைராசிக்கு லீவோ?" என்று கிணற்றடியில் இருந்து குரல் வந்தது.

"நீ போடு பிள்ளை."

"எனக்குக் கை ஈரம். நீங்கள் போடுங்கோ. போட்டிட்டு அதிலையே நில்லுங்கோ. ஏதும் வந்தால் கூப்பிடுங்கோ."

போட்டேன். நின்றேன். ஒன்றும் வரவில்லை.

பத்து மணிபோல உடுவில்காரரின் மகள் வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். விறாந்தைக்கு வரச் சொன்னோம். "நாளையோடை துடக்குக் கழியுது, பிறகு வாறன்" என்று மறுத்துவிட்டார். மகள் பென்ட்ரைவைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் கைப்பைக்குள் வைத்தார். போகவில்லை.

"சரியாய் ஓடுதோ அக்கா?" என்றார். "அண்ணை ராத்திரியும் கேட்டவர்."

மகள் உள்ளே வந்து திரையைத் தூக்கி யன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தாள். யன்னல் கதவுகளை முழுக்கத் திறந்தாள். நான் யன்னல் சீலையை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டேன். அவர் குடையோடு யன்னலுக்குக் கிட்ட வந்து நின்றார்.

கிணற்றடிப் பகுதி ஓடியது. கசெட்டில் இருந்து வந்த பழைய படம். இறந்தவர் அதில் இளமையாக, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். படம் எடுக்கிற ஆளைப் பார்த்துக் கையைக் காட்டுகிறார். "உந்தக் கமராவை வைச்சிட்டு வந்து மாட்டைப் பிடிச்சுக் கட்டு. படம் பிடிக்கிறாராம் படம்" என்று ஏசுகிறார். ஏசி முடிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது. குரலும் வாயும் சேர்ந்தே வந்தன.

"இது அண்ணைக்கு விழுந்த ஏச்சு" என்றார் அந்தப் பெண். "அவர்தான் எடுத்தவர். மாடு வெங்காயத்துக்குள்ளை போயிட்டுது."

மகள் நிப்பாட்டப் போனாள்.

"அந்தத் துண்டை ஒருக்காத் திரும்பப் போடுங்கோ அக்கா."

போட்டாள். முடிந்தது. அவர் குடையை மற்றத் தோளுக்கு மாற்றினார். மழைத் தண்ணீர் யன்னல் படியில் தெறித்தது.

"கரைச்சலில்லையெண்டால் இன்னும் ஒருக்கா."

மூன்றாம் தரமும் ஓடியது. நாலாம் தரம் அவர் கேட்கவில்லை. மகளாகவே போட்டாள்.